இதயத்தின் வலப்பக்கம்: இப்னு நபீஸ் முதல் எக்கோ அறை வரை



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் உம்மாவோ, தாத்தாவோ, மனைவியோ இருந்தால் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

சில மாதங்களுக்கு முன் என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளையின் உம்மா பாடசாலைக்கு வந்திருந்தார். மேல்மாடி வகுப்புக்கு ஏறி வந்தவருக்கு ஐந்து நிமிடம் பேச முடியவில்லை. கதிரையில் இருத்தி, தண்ணீர் கொடுத்தோம். "முட்டு சேர், மூணு வருஷமா இருக்கு. கடைசிப் புள்ள வகுத்துல இருக்கக்குள்ள தொடங்கினது" என்றார். கைப்பைக்குள் மடித்த துண்டு ஒன்று இருந்தது. கிளினிக்கில் எக்கோ எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தது. கொடுத்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. போகவில்லை.

"அது கரண்டு வெக்கிறதா சேர்? உள்ளுக்கு வயர் வுடுறதா?"

நான் வரலாறு படிப்பிக்கிறவன். வயர் விடுவதில்லை என்பது மட்டும் தெரியும், அதற்கு மேல் தெரியாது. அன்றிரவு தேடத் தொடங்கினேன். ஏ.எல். பயோ படிப்பிக்கும் நண்பரிடமும் தெரிந்த டொக்டர் ஒருவரிடமும் கேட்டேன். அந்த எக்கோ அறைக்குப் பின்னால் எண்ணூறு வருட வரலாறு இருக்கிறது. அந்தச் சகோதரியின் சம்மதத்தோடு, பெயரும் ஊரும் சொல்லாமல், படித்ததை எழுதுகிறேன்.

*1. சுவரில் துளை இல்லை*

முதலில் ஓ.எல். பாடம். இதயத்துக்கு இரண்டு பக்கம். இடப்பக்கம் குருதியை உடம்பு முழுவதும் அனுப்புகிறது. வலப்பக்கம் அதைச் சுவாசப்பைக்கு மட்டும் அனுப்புகிறது. சுவாசப்பையில் காற்றைப் பெற்ற குருதி இடப்பக்கம் திரும்பி வருகிறது. இன்று பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் கீறிக் காட்டும் படம் இது.

ஆனால் ஆயிரம் வருடங்களுக்கு மேல் உலகம் வேறு விதமாகத்தான் நம்பியது. கிரேக்க மருத்துவர் கலன், வலது அறையிலுள்ள குருதி நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக இடது அறைக்குக் கசிகிறது என்று எழுதி வைத்தார். பெரிய பெரிய ஆட்களெல்லாம் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

இதை எழுத்தில் மறுத்தவர் இப்னு நபீஸ் ரஹிமஹுல்லாஹ். டமஸ்கஸில் மருத்துவம் கற்று, கெய்ரோவில் வாழ்ந்து, 1288இல் அங்கேயே மௌத்தானவர். இப்னு சீனாவின் 'கானூன்' நூலிலுள்ள உடலமைப்புப் பகுதிக்கு அவர் எழுதிய விளக்கவுரை 1242ஆம் ஆண்டுக்குரியது. அதில் தெளிவாகச் சொல்கிறார்: அந்தச் சுவர் தடிப்பானது. அதில் கண்ணுக்குத் தெரியும் துளையும் இல்லை, தெரியாத துளையும் இல்லை. வலது அறையின் குருதி சுவாசப்பைக்குப் போய், அங்கே காற்றோடு கலந்து, பிறகுதான் இடது அறைக்கு வர வேண்டும்.

இன்னொரு விடயம். இவர் வெறும் ஹகீம் மட்டுமல்ல, கெய்ரோவில் ஷாபிஈ பிக்ஹ் கற்பித்த ஆலிம். நம் நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் அதே மத்ஹப். தன் வீட்டையும் நூலகத்தையும் கெய்ரோவின் மன்சூரி வைத்தியசாலைக்கே கொடுத்துவிட்டுப் போனார்.

இதை வாசித்ததும் மார்தட்டத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் மிச்சக் கதையையும் சொல்ல வேண்டும். அந்த விளக்கவுரையின் கையெழுத்துப் பிரதி பேர்லின் நூலகம் ஒன்றில் கிடந்தது. 1924இல் ஜேர்மனியில் படித்துக்கொண்டிருந்த முஹ்யித்தீன் அத்தத்தாவி என்ற எகிப்திய டொக்டர் அதைக் கண்டெடுத்துத் தன் ஆய்வேட்டில் எழுதிய பிறகுதான் உலகத்துக்குத் தெரிய வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பாவில் மிகயில் செர்வெத்துஸ் 1553இலும் ரெயால்தோ கொலம்போ 1559இலும் அதே பாதையை எழுதினார்கள். உடம்பு முழுவதற்குமான குருதிச் சுற்றோட்டத்தை வில்லியம் ஹார்வி 1628இல் நிறுவினார். செர்வெத்துஸ் தன் மதக் கருத்துகளுக்காக ஜெனீவாவில் உயிரோடு எரிக்கப்பட்டார் என்பது வேறொரு சோகம்.

நம்மவர் ஒருவர் உண்மையைக் கண்டார், எழுதியும் வைத்தார். ஆனால் வாசிக்க ஆள் இல்லாமல் அது ஏறக்குறைய ஏழு நூற்றாண்டு அலுமாரியில் கிடந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்பி வருகிறேன்.

*2. யாரும் கவனிக்காத அறை*

வலது இதயவறை சாதுவானது. இடது அறை குருதியை 120 மில்லிமீற்றர் இரசம் அளவு அமுக்கத்தோடு தள்ளும்போது, வலது அறைக்கு ஏறக்குறைய 25 போதும். சுவாசப்பை பக்கத்தில்தான், பாதையும் அகலமானது. அதனால் அதன் சுவரும் மெல்லியது, 3 முதல் 5 மில்லிமீற்றர்தான். இடது அறையின் சுவர் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு.

சுவாசப்பைக்குப் போகும் பாதையில் அமுக்கம் கூடினால்? அதைத்தான் சுவாசப்பை உயர் குருதி அமுக்கம் என்கிறார்கள். நாம் கையில் பட்டி கட்டிப் பார்க்கும் 'பிரஷர்' இதுவல்ல. கையில் 120/80 நன்றாக இருக்கும், உள்ளே சுவாசப்பை நாடியில் அமுக்கம் இரு மடங்காகியிருக்கும். பட்டி கட்டிப் பார்த்தால் பிடிபடாது. வெளியே தெரிவது மூச்சு வாங்கல், களைப்பு, சில நேரம் தலைச்சுற்று. பிந்திய கட்டத்தில்தான் கால் வீக்கம்.

அப்படியானால் அந்த அமுக்கத்தை அளப்பது எப்படி? 1929இல் ஜேர்மனியின் எபர்ஸ்வால்டே என்ற சிறு நகரத்து வைத்தியசாலையில் வெர்னர் போர்ஸ்மன் என்ற இளம் டொக்டர் பைத்தியக்காரத்தனம் போன்ற ஒரு காரியம் செய்தார். தன் கை நாளம் ஒன்றைத் திறந்து, மெல்லிய குழாயை உள்ளே விட்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்து போய், குழாயின் நுனி தன் இதயத்தின் வலப்பக்கத்தில் நிற்பதைப் படம் எடுத்தார். பாராட்டுக்குப் பதிலாக ஏச்சுத்தான் கிடைத்தது. அவர் அத்துறையை விட்டே விலகிப் போனார். 1940களில் நியூயோர்க்கின் பெல்வியூ வைத்தியசாலையில் அந்திரே கூர்னாந்தும் டிக்கின்சன் ரிச்சட்ஸும் அதே முறையை வளர்த்து, வலது இதயத்திலும் சுவாசப்பை நாடியிலும் அமுக்கத்தை நேரடியாக அளந்தார்கள். மூவருக்கும் 1956இல் நோபல் பரிசு.

அந்தச் சகோதரி பயந்த 'வயர்' கதையின் வேர் இதுதான். வெறும் வதந்தி அல்ல. ஒரு காலத்தில் இந்த அமுக்கத்தை அறிய வேறு வழியே இருக்கவில்லை.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1943இல் பிலடெல்பியாவில் ஐசக் ஸ்டாரும் அவரது குழுவினரும் நாய்களின் வலது இதயவறைச் சுவரைச் சுட்டுச் சேதமாக்கிப் பார்த்தார்கள். எதிர்பார்த்த அளவுக்கு நாளங்களில் அமுக்கம் ஏறவில்லை. 'அப்படியானால் வலது அறை அவ்வளவு முக்கியமில்லை' என்ற எண்ணம் மருத்துவ உலகில் ஊன்றிவிட்டது. அந்த நாய்களின் சுவாசப்பை அமுக்கம் சாதாரணமாக இருந்தது என்பதுதான் கவனிக்காமல் விட்ட இடம். பாதையில் தடையில்லாத போது பலவீனமான அறையும் சமாளிக்கும். தடை வந்தால்தான் அதன் பெறுமதி தெரியும். இன்று டொக்டர்கள் சொல்வது நேர்மாறானது: சுவாசப்பை அமுக்கம் கூடிய நோயாளியின் எதிர்காலத்தைப் பெருமளவு தீர்மானிப்பது வலது அறை எவ்வளவு தாங்குகிறது என்பதுதான்.

*3. கப்பல் தளத்திலிருந்து வந்த கருவி*

குழாய் விடாமல் பார்க்கும் வழி பிறந்தது சுவீடனில். லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற இதய டொக்டருக்கு ஒரு தலையிடி இருந்தது. 1948 முதல் சத்திரசிகிச்சை நிபுணர்கள் ஒடுங்கிப்போன இருகூர் வால்வைத் திறக்கத் தொடங்கியிருந்தார்கள். இது இதயத்தின் இடப்பக்கத்திலுள்ள வால்வு. ஒடுங்கிய வால்வைத் திறந்தால் நோயாளி பிழைப்பார். ஒடுங்காமல் கசிகிற வால்வில் அதையே செய்தால் நிலைமை மோசமாகும். வெளியிலிருந்து பிரித்தறிவது கடினம்.

எட்லர் இதை ஹெல்முத் ஹேர்ட்ஸ் என்ற இளம் பௌதிகவியலாளரிடம் சொன்னார். பெயர் பழக்கமானதாக இருக்கும். மீடிறனை அளக்க நாம் சொல்லும் 'ஹேர்ட்ஸ்' அலகு இவருடைய குடும்பப் பெரியவர் ஒருவரின் பெயர்தான். இரும்புத் தகடுகளின் ஒட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று கேளா ஒலியை அனுப்பிப் பார்க்கும் கருவி ஒன்று அப்போது மல்மோ நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில் இருந்தது. ஹேர்ட்ஸ் அதைத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். இதயத் துடிப்போடு சேர்ந்து திரையில் ஒரு கோடு ஆடியது.

பிறகு சீமன்ஸ் கம்பனியிடமிருந்து ஒரு கருவியை இரவல் பெற்று, 1953 ஒக்டோபர் 29இல் இதயத்தின் எதிரொலியைப் பதிவு செய்தார்கள். எக்கோ என்றால் எதிரொலி, அவ்வளவுதான். கரண்டும் இல்லை, எக்ஸ்ரே கதிரும் இல்லை. கிணற்றடியில் கூப்பிட்டால் சத்தம் திரும்பி வருகிற அதே விடயம். ஆனால் நம் காது கேளாத அளவு உயர்ந்த மீடிறனில்.

தொடக்கத்தில் தாங்கள் பார்ப்பது இதயத்தின் எந்தப் பகுதி என்பதில் அவர்களே பிழை விட்டார்கள். பின்னர் பிரேதப் பரிசோதனைகளில் திசையைச் சரிபார்த்துத்தான், அந்த ஆடும் கோடு இருகூர் வால்வின் இதழ் என்று உறுதி செய்தார்கள். ஆனாலும் வலது அறை இங்கேயும் பின்தங்கித்தான் இருந்தது. அது நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒளிந்து, இடது அறையைப் பிறைபோல் சுற்றிக் கிடக்கிறது. படம் பிடிப்பதும் அளப்பதும் கடினம்.

*4. கசிவே அளவுகோலானது*

எதிரொலி அசைவைக் காட்டும். அமுக்கத்தை எப்படிக் காட்டும்? இங்கேதான் இரண்டு பழைய விதிகள் கைகொடுத்தன.

ஒன்று டொப்ளர் விளைவு, 1842. அம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது சத்தம் கூர்மையாகவும் கடந்து போகும்போது தடிப்பாகவும் கேட்கிறதே, அது. குருதியில் பட்டுத் திரும்பும் ஒலியின் மாற்றத்தைக் கொண்டு குருதியின் வேகத்தைச் சொல்லலாம். 1950களில் ஜப்பானின் ஒசாக்காவில் ஷிகேயோ சத்தோமுரா இதை இதயத்தில் பயன்படுத்திக் காட்டினார்.

மற்றது டானியல் பேர்னூலியின் விதி, 1738. பூக்கன்றுக்குத் தண்ணீர் அடிக்கும் குழாயின் வாயை விரலால் ஒடுக்கினால் தண்ணீர் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலின் வேகத்திலிருந்து உள்ளேயும் வெளியேயும் உள்ள அமுக்க வித்தியாசத்தைக் கணக்கிடலாம்.

இரண்டையும் நோயாளியின் கட்டிலருகே பயன்படும்படி சேர்த்தவர்களில் முன்னணியில் நின்றவர் ஒரு பெண் டொக்டர். நோர்வேயின் திரொண்ஹெய்ம் நகரைச் சேர்ந்த லீவ் ஹாட்லே. பொறியியலாளர் பியோர்ன் அங்கெல்சனோடு சேர்ந்து, 1970களின் பிற்பகுதியில் ஒடுங்கிய வால்வின் அமுக்க வித்தியாசத்தை வெளியிலிருந்தே அளந்து காட்டினார். வேகத்தை வேகத்தால் பெருக்கி, அதை 4ஆல் பெருக்க வேண்டும். கணக்கு அவ்வளவுதான். ஏ.எல். பயோ படிக்கும் பெண் பிள்ளைகள் இந்தப் பெயரைக் குறித்து வையுங்கள்.

1984இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் போல் யொக், ரிச்சட் பொப் இருவரும் அதே கணக்கை வலப்பக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். வலது அறைக்கும் மேலே உள்ள வலது சோணையறைக்கும் இடையில் முக்கூர் வால்வு இருக்கிறது. அது மூடும்போது சிறிதளவு குருதி பின்னோக்கிக் கசிவது நலமான பலரிலும் உண்டு. அந்தக் கசிவின் வேகத்தை அளந்தால், வலது அறை எவ்வளவு அமுக்கத்தோடு தள்ளுகிறது என்று தெரிந்துவிடும்.

ஓர் உதாரணம். கசிவின் வேகம் செக்கனுக்கு 3.5 மீற்றர் என்று வைப்போம். 3.5ஐ 3.5ஆல் பெருக்கினால் 12.25. அதை 4ஆல் பெருக்கினால் 49. இதோடு சோணையறையின் அமுக்கத்தைக் கூட்ட வேண்டும். வயிற்றுப் பக்கமிருந்து இதயத்துக்கு வரும் பெருநாளத்தின் அகலத்தையும், மூச்சை உறிஞ்சும்போது அது சுருங்குவதையும் பார்த்து அதை மதிப்பிடுவார்கள். 8 என்று வைத்தால் மொத்தம் 57. சாதாரணமாக 25 அளவு இருக்க வேண்டிய இடம்! போர்ஸ்மன் உயிரைப் பணயம் வைத்துத் திறந்த கதவுக்குள் என்ன நடக்கிறது என்று, ஒரு துளி இரத்தம் சிந்தாமல் எட்டிப் பார்க்க முடிந்தது.

வேகம் 2.8க்குள் இருந்து வேறு அடையாளங்களும் இல்லையென்றால் நோய்க்கான வாய்ப்பு குறைவு. 3.4ஐத் தாண்டினால் வாய்ப்பு அதிகம்.

அறை எப்படித் தாங்குகிறது என்பதற்கும் அளவுகள் வந்தன. அதே 1984இல் சஞ்சீவ் கௌல் குழுவினர் ஓர் எளிய அளவைக் காட்டினார்கள். ஒவ்வொரு துடிப்பிலும் முக்கூர் வால்வின் வளையம் இதயத்தின் நுனியை நோக்கி எவ்வளவு தூரம் இறங்குகிறது? 17 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் வலது அறை களைத்துவிட்டது என்று அர்த்தம். எக்கோ அறிக்கையில் 'டாப்சி' என்று வருவது இதுதான். அறை வீங்கியிருக்கிறதா, நடுச்சுவர் இடப்பக்கம் தள்ளப்பட்டுத் தட்டையாகிவிட்டதா என்றும் பார்ப்பார்கள். இப்னு நபீஸ் துளையில்லை என்று சொன்ன அதே சுவர்தான்!

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எக்கோ தருவது மதிப்பீடு. கசிவு சரியாகத் தெரியாவிட்டால் எண் கிடைக்காது, கிடைத்த எண்ணும் கூடக் குறைய இருக்கலாம். எண் இல்லை என்பதற்காக நோய் இல்லை என்றும் ஆகாது. சிலருக்கு உறுதிப்படுத்த இன்றும் குழாய் விட்டுத்தான் பார்க்க வேண்டும். சுவாசப்பை நாடியின் சராசரி அமுக்கம் 25 என்று 1973 ஜெனீவா கூட்டம் வைத்த எல்லையை, 2022இல் ஐரோப்பிய வழிகாட்டல் 20க்கு மேல் என்று இறக்கியதும் அப்படி நேரடியாக அளந்த அளவுகளைக் கொண்டுதான்.

அந்த 1973 கூட்டம் ஏன் கூடியது தெரியுமா? 1960களில் சுவிற்சர்லாந்து, ஜேர்மனி, ஒஸ்திரியாவில் 'அமினோரெக்ஸ்' என்ற மெலிவு மாத்திரை விற்பனையானது. அதைப் பாவித்தவர்களிடையே இந்த நோய் திடீரென்று பரவியது. மாத்திரையை 1968இல் நிறுத்தினார்கள். வட்ஸ்அப்பில் விலாசம் இல்லாமல் விற்கும் மெலிவு மாத்திரைகளை வாங்கும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

*5. திரும்பவும் அந்தத் துண்டு*

அந்தச் சகோதரி போகாததற்கு உண்மையான காரணம் வயர் அல்ல. அதை அவர் என்னிடம் சொல்லவில்லை, என் மனைவியிடம் சொன்னார். "நெஞ்சத் திறக்கணுமாம். ஆம்புள டொக்டராம்."

எத்தனை வீடுகளில் இந்த ஒரு வசனம் துண்டை மடித்து வைத்திருக்கிறதோ, அல்லாஹ்தான் அறிவான். வெட்கம் ஈமானில் உள்ளதுதான். ஆனால் சிகிச்சைக்குத் தேவையான அளவுக்கு அனுமதி உண்டு என்பது நம் மத்ஹபின் நிலைப்பாடு. இமாம் நவவியின் மின்ஹாஜிலேயே அது இருக்கிறது. சந்தேகம் இருந்தால் உங்கள் பள்ளி ஹஸரத்திடம் கேளுங்கள். பெண் உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று கேட்கலாம். துணைக்கு ஒருவரை உள்ளே எடுக்கலாமா என்று கேட்கலாம். மேலே துணி போர்த்தச் சொல்லலாம். கேட்பதில் தவறில்லை, கேட்காமல் திரும்பி வருவதில்தான் தவறு.

என் மனைவியும் கூடவே போனார். இடப்பக்கம் சரிந்து படுக்க வைத்து, குளிர்ந்த ஜெல் பூசி, கருவியை நெஞ்சில் வைத்துப் பார்த்தார்களாம். அரை மணித்தியாலம். வலி இல்லை, ஊசி இல்லை.

முட்டு அல்ல. இருகூர் வால்வு ஒடுங்கியிருந்தது. எட்லர் 1953இல் தேடிய அதே நோய். இடப்பக்கக் கதவு ஒடுங்கியதால் குருதி சுவாசப்பையில் தேங்கி, அங்கே அமுக்கம் ஏறி, வலது அறை களைக்கத் தொடங்கியிருந்தது. சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சலாகக் கிடந்தது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. தொண்டை நோவுக்குப் பின்னால் வரும் மூட்டுவாதக் காய்ச்சல் வால்வைத் தழும்பாக்கிவிட்டுப் போகும். அது பல வருடம் சத்தமில்லாமல் கிடந்து, கர்ப்பத்தில் உடம்பின் குருதி அளவு கூடும்போது வெளியே தெரியும். மூச்சு வாங்கியபோது எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "வகுத்துல புள்ள இருந்தா அப்படித்தான்."

அல்ஹம்துலில்லாஹ், வலது அறை முழுதாகக் கைவிடும் முன் பிடிபட்டது. நெஞ்சைப் பிளக்காமல் பலூன் விட்டு அந்த வால்வைத் திறக்கும் முறையை ஜப்பானின் கன்ஜி இனோவே உருவாக்கினார். அதுவும் 1984இல் வெளியானதுதான்! அந்தச் சகோதரிக்கும் அதற்கான நாள் கிடைத்திருக்கிறது. துஆச் செய்யுங்கள்.

என் வேண்டுகோள் நான்கு.

ஒன்று, மூச்சு வாங்கல் மாதக்கணக்கில் போனால் 'முட்டு', 'இரத்தக் குறைவு', 'வயசு' என்று நாமே பெயர் வைத்து விட்டுவிட வேண்டாம். டொக்டரிடம் காட்டுங்கள்.

இரண்டு, பிள்ளைகளுக்குத் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்தால் காட்டுங்கள், மருந்தைச் சொன்ன நாள் வரை கொடுங்கள். மூட்டுவாதக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் பெனிசிலின் ஊசியை இடையில் நிறுத்த வேண்டாம்.

மூன்று, இதய வருத்தம் அல்லது சுவாசப்பை அமுக்கம் உள்ள பெண்கள் அடுத்த பிள்ளையைப் பற்றி யோசிக்கும் முன் டொக்டரோடு கதையுங்கள். தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம். கணவன்மாரே, இதைக் கேட்டறிவது உங்கள் பொறுப்பும்தான்.

நான்கு, எக்கோ என்று எழுதிய துண்டு வீட்டில் கிடந்தால் இந்த வாரமே திகதி எடுங்கள்.

இப்னு நபீஸின் நூல் அலுமாரியில் கிடந்தது போல, அந்தச் சகோதரியின் துண்டு இரண்டு மாதம் கைப்பைக்குள் கிடந்தது. நூலுக்கு ஏழு நூற்றாண்டு பொறுத்திருக்க முடிந்தது. அந்த மெல்லிய வலது அறையால் அவ்வளவு காலம் பொறுக்க முடியாது.

அல்லாஹ் நம் வீட்டுப் பெண்களுக்கும் எல்லா நோயாளிகளுக்கும் பூரண ஷிபாவைத் தருவானாக. ஆமீன்.

பிழை இருந்தால் மருத்துவம் தெரிந்த சகோதரர்கள் கீழே திருத்துங்கள். பிரயோசனமாக இருந்தால் குடும்ப குறூப்களில் பகிருங்கள். வாசிக்கத் தெரியாத உம்மாமார்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.